கணக்கில் வராத பனிமூட்டம்

கரி உள்ளுக்குள் கனன்றதா இல்லையா என்பதைப் பிறகு அந்தக் கரியைப் பார்த்துச் சொல்ல முடியாது. முன்பும் கறுப்பு, பின்பும் கறுப்பு. சாம்பல் இருந்தால் தெரியும். ஆனால் தண்ணீர் விட்டு அணைத்திருந்தால் சாம்பலும் அதோடு போய்விடும். இதை வேடிக்கையாகச் சொல்லவில்லை. இந்த ஒரு காரணத்தால் ஒரு மனிதர் பல வருஷம் ஊருக்குள் தலை குனிந்து நடந்தார்.

நீங்கள் எல்லாரும் இப்போதுதான் இந்த வேலைக்கு வந்திருக்கிறீர்கள். ஆவிகளைக் கரியில் பிடித்துவைக்கும் தொட்டிகளை இனி நீங்கள்தான் வடிவமைக்கப் போகிறீர்கள். என்னை விட நன்றாகக் கணக்குப் போடுவீர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. நான் போட்ட கணக்கும் சரிதான். ஒரு தப்பும் அதில் இல்லை. அதனால்தான் உங்களிடம் இதைச் சொல்லவேண்டியிருக்கிறது.

கரியின் மேல் ஓர் ஆவி வந்து ஒட்டினால் சூடு வெளியே வரும். பரப்பு கவர்தல் வெப்பம் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள். ஒரே ஓர் ஆவி என்றால் பிரச்சினையில்லை. இரண்டு மூன்று சேர்ந்து வரும்போதுதான் வம்பு. ஏற்காட்டிலிருந்து சேலம் போகிற பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். காலி பஸ்ஸில் ஏறுகிறவன் ஓடிப்போய் ஜன்னல் சீட்டில் தொப்பென்று உட்காருவான். ஆள் நிறைந்த பஸ்ஸில் ஏறுகிறவன் யாரையாவது எழுப்பிவிட்டுத்தான் உட்கார வேண்டும். கரியிலும் அப்படித்தான். காலி இடத்தில் ஒட்டினால் முழுச் சூடு. இன்னொன்றைக் கிளப்பிவிட்டு ஒட்டினால், கிளப்புவதற்கே பாதிச் சூடு செலவாகிவிடும். மிச்சம்தான் நமக்குத் தெரியும். இவ்வளவுதான் விஷயம். இதற்கு மேல் உள்ளதெல்லாம் நீங்கள் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

சேலத்தில் ஒரு டிசைன் ஆபீஸில் நான் வேலை பார்த்த காலம். ஏற்காட்டில், கரடியூர் போகும் வழியில், ஒருவர் மிளகுச் சாறு எடுக்கும் ஆலை தொடங்கினார். காப்பித் தோட்டத்து சில்வர் ஓக் மரங்களில் ஏறுகிற மிளகுதான் சரக்கு. தலைச்சோலை, கொட்டச்சேடு பக்கத்து விவசாயிகள் அதுவரை கீழே இருந்து வருகிற வியாபாரி சொன்ன விலைக்குத்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மலையிலேயே வாங்க ஓர் ஆள் வந்ததில் அவர்களுக்கு அவ்வளவு சந்தோஷம்.

மிளகை அசிட்டோனில் ஊறவைத்துச் சாறு எடுப்பார்கள். அப்போது அசிட்டோன் ஆவியும் மிளகு எண்ணெயின் வாசனை ஆவியும் சேர்ந்து வெளியேறும். அதைக் காற்றில் விடக்கூடாது. கொட்டாங்குச்சிக் கரி நிரப்பிய பெரிய இரும்புத் தொட்டி ஒன்றின் வழியாக அனுப்ப வேண்டும். அந்தத் தொட்டிதான் எங்கள் ஆபீஸ் வேலை. எனக்கு மேலே இருந்தவர் ஆபீஸின் தலைவர். சார் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் அவர். ஒரு பைசா வாங்கமாட்டார், ஒரு பொய் சொல்லமாட்டார். அவருக்கு முன்னால் சந்தேகத்தோடு ஒரு எண்ணைச் சொல்ல எங்களுக்கு நாக்கு எழாது.

இரண்டு ஆவிகளின் சூட்டையும் தனித்தனியாக அளந்தோம். எது எவ்வளவு வருகிறதோ அந்தப் பங்குக்குத் தக்கபடி கூட்டினோம். பிறகு ஆலையிலேயே சோதனை ஓட்டம். மிளகு தை மாசத்துக்குப் பிறகுதான் வர ஆரம்பிக்கும், அதற்குள் எல்லாம் தயாராக இருக்க வேண்டும் என்று முதலாளி நெருக்கினார். எனவே கார்த்திகையில், போன வருஷத்து மிளகை வைத்துச் சோதனை செய்தோம். மலையில் வேலை பார்க்கிற எல்லாருமே அப்படித்தான் செய்வார்கள். சரக்கு வருவதற்கு முன் மிஷினை ஓட்டிப் பார்த்துவிடுவது அங்கே ஊர் வழக்கம் மாதிரி.

கார்த்திகையில் ஏற்காடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எதிரே வருகிற ஆள் பக்கத்தில் வந்த பிறகுதான் யார் என்று தெரியும். உலர்த்தின துணி மறுநாளும் ஈரமாகத்தான் இருக்கும். கரி மூட்டைகள் ஆலை முற்றத்தில் வாய் திறந்தபடி கிடந்தன. தொட்டியில் கொட்டி ஓட்டினோம். கூட்டிப் போட்ட கணக்கு சொன்னதைவிடத் தொட்டி நன்றாகவே குறைவாகச் சூடேறியது.

எங்களுக்கு ஒரே மகிழ்ச்சி. சார் என் தோளில் தட்டினார். "பாத்தியாம்மா, கலவை எப்பவும் தனி ஆவியைவிட சாதுவா இருக்கும். ஒண்ணை ஒண்ணு தள்ளறதுலயே சூடு போயிருது," என்றார். மிளகு ஆவி அசிட்டோனைத் தள்ளுகிறது, ஆகவே சூடு குறைகிறது. கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது பாருங்கள். சூடு குறைவு என்றால் காற்றும் குறைவாகப் போதும் என்று சின்ன மின்விசிறியே வைத்தோம். அந்த வரியை அறிக்கையில் எழுதியது நான்தான். தொட்டி சூடேறினால் காற்றைக் கூட்டவும் என்ற வரியும் என் கையெழுத்துதான்.

கணக்கைவிடச் சூடு அதிகமாக வந்திருந்தால் ஏன், எதற்கு என்று மண்டையை உடைத்துக்கொண்டிருப்போம். குறைவாக வந்ததால் யாரும் கேட்கவில்லை. உங்களிடம் நான் சொல்ல வந்ததில் பாதி இதுதான். பிடிக்காத எண்ணை எல்லாரும் சந்தேகப்படுவார்கள், அதற்கு நீங்கள் தேவையில்லை. பிடித்த எண்ணைச் சந்தேகப்படத்தான் உங்களுக்குச் சம்பளம்.

ஆலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருந்தவர் வெள்ளையன். தலைச்சோலைக்காரர். ஐடிஐ படித்துவிட்டுக் கீழே மேட்டூர்ப் பக்கம் சில வருஷம் வேலை செய்துவிட்டு, மலையிலேயே வேலை வந்ததும் ஓடிவந்தவர். கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. ஏற்காட்டில் சூப்பர்வைசர் மாப்பிள்ளை என்று பெண் வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்களாம். அவரே என்னிடம் வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னார்.

பங்குனியில் ஒருநாள் வழக்கமாகப் பார்த்துவிட்டு வரலாம் என்று போயிருந்தேன். மிளகு மூட்டை மூட்டையாக வந்து இறங்கியிருந்தது. வெயில் காய்ந்தது. கரி நிறைந்துவிட்டால் நீராவி விட்டு ஆவியைக் கழற்றி, பிறகு சூடான காற்றால் உலர்த்தி மறுபடி ஓட்டுவார்கள். அன்று காலையில்தான் கரியை நன்றாக உலர்த்தி வைத்திருந்தார்கள். நடுப்பகலில் கரண்ட் குறைந்து மின்விசிறி இழுத்து இழுத்து ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளையன் வந்தார்.

"ஏனுங்க மேடம், கொஞ்சம் வந்து பாக்கறீங்களா. தொட்டி நடுவுல இருக்கற சூட்டு மீட்டரு மட்டும் ஏறிக்கிட்டே போகுதுங்க. மேல, கீழ இருக்கறதெல்லாம் சும்மாதான் இருக்குது."

போய்ப் பார்த்தேன். அறிக்கையில் நாங்கள் எழுதிய எல்லையை அது எப்போதோ தாண்டியிருந்தது. தொட்டியின் வயிற்றுப் பக்கம் சூடேறின பெயின்ட் வாசம் அடித்தது. வெள்ளையன் அங்கே கையை வைத்துவிட்டு வெடுக்கென்று எடுத்தார்.

"காத்தக் கூட்டறதுங்களா, நிறுத்தறதுங்களா?" என்றார் வெள்ளையன்.

முதலாளியும் அதற்குள் வந்துவிட்டார். "எதுக்கும் தண்ணியத் தொட்றாதப்பா. தண்ணி உட்டா இந்த சீசனே போச்சு," என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தொட்டியின் தாங்கிகள் கரியின் பாரத்துக்குப் போட்டவை. தண்ணீர் நிறைந்தால் தாங்காது என்று எனக்கும் தெரியும்.

ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு சாருக்கு போன் போடப் போனேன். மலையில் சிக்னல் கிடைக்கிற இடம் தேடி கேட் வரைக்கும் போக வேண்டும். சார் எடுத்தார். நிதானமாகக் கேட்டார். "பதறாதம்மா. சோதனையில பாத்தோமே, அதுக்கு மேல போக வழியில்ல. மீட்டர்தான் தப்பாக் காட்டும். காத்தைக் கூட்டு," என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. இந்தக் கதையில் என்னை இன்றும் உறுத்துவது அதுதான். சார் சொன்னதற்காக நான் ஒத்துக்கொள்ளவில்லை, நிஜமாகவே நம்பினேன். காற்றைக் கூட்டச் சொல்லத்தான் வேகமாகத் திரும்பி வந்தேன்.

வந்தபோது வெள்ளையன் காற்று வால்வை மூடிவிட்டுத் அவசரத்துக்கென்று வைத்திருந்த தண்ணீர் வால்வை முழுக்கத் திறந்துவிட்டிருந்தார். முதலாளி கத்திக்கொண்டிருந்தார். தொட்டிக்குள் உஸ்ஸென்று சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மேல் குழாயில் வெள்ளையாக ஆவி பீச்சியது. கொஞ்ச நேரத்தில் தாங்கி ஒருபக்கம் மடங்கித் தொட்டி சாய்ந்து சுவரில் மோதி நின்றது. அடி விளிம்பு கிழிந்து கறுப்புத் தண்ணீர் முற்றம் முழுக்க ஓடியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"ஏன் விட்டீங்க?" என்று கேட்டேன்.

"பயமா இருந்துச்சுங்க," என்றார். வேறு காரணம் எதுவும் அவர் சொல்லவில்லை. அவருக்கும் தெரியாது. அந்த இடத்தில் பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும் அசிட்டோன் டிரம்கள் வரிசையாக இருந்தன, பக்கத்திலேயே மிளகு கொட்டிப் பெண்கள் புடைத்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்தார், திறந்துவிட்டார்.

விசாரணை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. முதலாளி, சார், நான், வெள்ளையன் உட்கார்ந்து பேசினோம். சார் அறிக்கையைப் பிரித்து வைத்து, இந்த அளவு ஆவிக்கு இந்த அளவு சூடுதான் வரமுடியும், கரி பற்றுவதற்கு அது போதாது என்று பொறுமையாக விளக்கினார். யாரையும் திட்டவில்லை. தொட்டியைப் பிரித்துக் கரியை வாரி வெளியே கொட்டிப் பார்த்தோம். ஈரமான கறுப்புக் கரி. எல்லாம் ஒரே மாதிரி இருந்தது. பெயின்ட் வாசம் அடித்ததே என்று நான் சொன்னேன். வெயிலுக்கும் அடிக்கும் என்றார் முதலாளி. வெள்ளையன் கைக்குப் பட்ட சூடு தப்பாக இருக்காது என்றும் சொன்னேன். கையை வைத்துக் கணக்கு எழுத முடியுமாம்மா என்று சார் கேட்டார். நான் அறிக்கையை மூடி வைத்தேன். கணக்கு என்னுடையதும்தானே.

வெள்ளையன் கடைசிவரை குனிந்தபடியே உட்கார்ந்திருந்தார். எழுந்து போகும்போது முதலாளியிடம், "அவசரப்பட்டுட்டேனுங்க," என்றார்.

அவர் வேலை போயிற்று. அந்த சீசன் மிளகு அப்படியே கிடந்து, கடைசியில் வந்த விலைக்குக் கீழே போயிற்று. முதலாளி அடுத்த வருஷம் ஆலையைப் பூட்டிவிட்டார். மிளகு கொண்டுவந்தவர்கள் மறுபடி பழைய வியாபாரியிடமே போய் நின்றார்கள். அவர்களில் பலர் வெள்ளையனின் சொந்தக்காரர்கள். கெட்ட எண்ணம் இல்லாமல், கேலியாகத்தான், அவரைத் தண்ணி வெள்ளையன் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்தப் பெயர் நின்றுவிட்டது.

பல வருஷம் கழித்து, நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், வேறு ஏதோ ஆலைக்காக வேறு இரண்டு ஆவிகளின் சூட்டை ஆய்வகத்தில் அளந்துகொண்டிருந்தோம். முதல் அளவு குறைவாக வந்தது. எனக்குப் பிடித்த மாதிரி குறைவு. அந்தக் கரி மழை நாளில் மூடாமல் வெளியே இருந்தது என்று தெரிந்ததும், சரி, உலர்த்திவிட்டு மறுபடி அளப்போம் என்றேன். அளந்தோம். மீட்டர் மளமளவென்று ஏறியது. ஏற்காட்டு ஆலை முற்றத்தில் வாய் திறந்து கிடந்த கரி மூட்டைகள்தான் எனக்கு ஞாபகம் வந்தன.

கார்த்திகைக் கரி காலி பஸ் இல்லை. பனிமூட்டத்தின் தண்ணீர் அதில் ஏறி, எல்லா சீட்டிலும் உட்கார்ந்திருந்தது. அசிட்டோன் அந்தத் தண்ணீரைக் கிளப்பிக் கிளப்பித்தான் உட்கார்ந்தது, அதனால்தான் சூடு குறைந்தது. மிளகு ஆவி அசிட்டோனைத் தள்ளியதெல்லாம் அதற்குப் பிறகு நடந்த சின்ன விஷயம். இரண்டு ஆவி என்று எழுதினோம். இருந்தது மூன்று. பங்குனியில் அந்த மூன்றாவது ஆளை நாங்களே சூடான காற்று விட்டுத் துரத்தினோம். காலி பஸ்ஸில் எல்லாரும் ஒரே நேரத்தில் ஜன்னல் சீட்டுக்குப் பாய்ந்தார்கள். சூட்டை வெளியே இழுக்க வேண்டிய காற்றோ, நான் சிபாரிசு செய்த சின்ன மின்விசிறியின் காற்று. அதே மாதிரிக் கரி வாங்கி, அதே கலவையை விட்டு, உலர்ந்த கரியில் ஓட்டிப் பார்த்தேன். கரி கனன்றது. காற்றைக் கூட்டினால் ஊதிவிட்ட அடுப்பு மாதிரி ஆனது.

வெள்ளையன் அன்று எனக்காகக் காத்திருந்திருந்தால் நான் காற்றைக் கூட்டச் சொல்லியிருப்பேன். புடைத்துக்கொண்டிருந்த அந்தப் பெண்களின் முகம் ஒவ்வொன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

சாருக்கு போன் செய்தேன். அவருக்கு உடம்பு முடியாமல் இருந்த நேரம். எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, "அந்தக் கரி மூட்டை முற்றத்துல கெடந்ததை நானும் பாத்தேன்மா. தாண்டித்தான் உள்ள போனேன்," என்றார். "நீ போய் அவர்கிட்ட சொல்லிடு. என்னால மலை ஏற முடியாது."

தலைச்சோலைக்குப் போனேன். வெள்ளையன் எஸ்டேட்டில் கூலி வேலைக்குப் போய்விட்டு வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. வாசலில் நாற்காலி போட்டார்.

"ஏற்காட்டு ஓட்டல்ல பம்ப்பு, பாய்லரெல்லாம் பாத்துக்கச் சொல்லிக் கூப்புட்டாங்கன்னு கேள்விப்பட்டேனே. போகலையா?" என்றேன்.

"போகலீங்க. நமக்கெல்லாம் வேண்டாமுங்க. நான் அவசரக்காரனுங்க, மேடம். ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா மறுபடியும் எதையாச்சும் தொறந்து உட்ருவேன்." சிரித்தார். "ஊட்டுல சண்டை வந்தாக்கூட எங்க ஆரம்பிச்சாலும் கடைசியில அந்தத் தண்ணியிலதானுங்க வந்து நிக்கும். அவ சொல்றதும் நொம்பத் தப்பில்லீங்க. புள்ளைங்களப் பெருசா ஒண்ணும் படிக்க வெக்க முடியல."

நான் எதிர்பார்த்து வந்தது இது இல்லை. ஊர் அவரைத் தப்பாக நினைத்தது என்றுதான் வழியெல்லாம் வருத்தப்பட்டேன். அவரே தன்னைத் தப்பாக நினைத்துக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை ஒரு முடிவு எடுத்தார், அது சரியாக இருந்தது, அதைத் தன்னுடைய பெரிய தப்பு என்று நினைத்து அதற்குப் பிறகு எந்த முடிவுமே எடுக்காமல் இருந்துவிட்டார்.

பஸ் கதையைச் சொன்னேன். கார்த்திகைப் பனிமூட்டத்தைச் சொன்னேன். ஆய்வகத்தில் கரி கனன்றதைச் சொன்னேன். கை ஈரத்தை லுங்கியில் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். ஊர்ப் பிள்ளைகள் யாரோ சைக்கிளில் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"அப்ப அன்னைக்கி…" என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

"நீங்க தண்ணி விட்டதுதாங்க சரி. நான் வந்து காத்தக் கூட்டச் சொல்லியிருந்தா எல்லாரும் செத்திருப்போம். நாங்கதான் தண்ணியக் கணக்குல சேக்காம விட்டுட்டோம். சாரும் சொல்லச் சொன்னார்."

அவர் திரும்பி வீட்டுக்குள் பார்த்தார். உள்ளே யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். பிறகு என் பக்கம் கொஞ்சம் சாய்ந்து, சின்னக் குரலில் கேட்டார்.

"கொஞ்சம் சத்தமாச் சொல்றீங்களா, மேடம். அவ உள்ளதான் இருக்கறா."

நான் எழுந்து நின்று, வாசலைப் பார்த்துச் சத்தமாக மறுபடியும் சொன்னேன். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.